கேட்டதும் கேளாததும்

செங்கத்துப் பங்கு இல்லத்தின் தாழ்வாரத்தில் அமர்ந்து வடக்கே நோக்கினால் சவ்வாது மலை தெரியும். மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் அது மிக அருகே வந்துவிட்டது போலத் தோன்றும். 2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அப்படியொரு மாலை. செபமாலை முடிந்து மக்கள் கலைந்த பின்னரும் ஒரு தாயும் மகளும் தூணருகே நின்றுகொண்டிருந்தனர்.

“தோத்திரம் சாமி” என்றார் தாய். மகள் கைகுவித்தாளேயன்றி வாய் திறக்கவில்லை.

அப்பெண்ணை நாம் அறிவோம். தந்தை ஆரம்பப் பள்ளி ஆசிரியர். 2012-இல் அவளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது நமக்கு முன்னிருந்த பங்குத்தந்தை அதனை ஞாயிறு திருப்பலியில் அறிவித்தாராம். கோயிலில் கைதட்டல் எழுந்ததாம். (மகளைப் போன்றவள் ஆதலின் ‘அவள்’ என்றே எழுதுகிறோம். இன்று அவர் எம்.டி. பட்டம் பெற்ற மருத்துவர் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்க. அவருடைய இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம்.)

தாய் வந்த காரியத்தைச் சொன்னார். மகள் இறுதியாண்டுத் தேர்வில் பொது மருத்துவத்தின் செய்முறைப் பகுதியில் தவறிவிட்டாள். ஆறு மாதம் கழித்து மீண்டும் எழுதித் தேறி, ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடித்துவிட்டாள். இப்போது கன்னியர் நடத்தும் ஒரு மருத்துவமனையில் இளநிலை மருத்துவராகச் சேர விண்ணப்பிக்கிறாள். படிப்பு ஆறு மாதம் நீண்டது ஏன் என்று அங்கே கேட்கிறார்கள். பங்குத்தந்தையின் நற்சான்றும் வேண்டுமாம்.

“அன்னிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஒரு வரி சேர்த்துடுங்க சாமி. நீங்க எழுதினா நம்புவாங்க” என்றார்.

மகள் தரையைப் பார்த்தாள். நாம் அதனை நாணம் என்று எண்ணினோம்.

வீட்டிலே வேறொரு கட்சியும் இருந்தது. அதற்குத் தலைவர் தாய்மாமன். அவர் சொன்னது முற்றும் தவறன்று. நம் நாட்டில் மருத்துவப் பட்ட மேற்படிப்புக்கு இடம் பெறுவது நீட் என்னும் நுழைவுத் தேர்வினாலே. இருநூறு வினாக்கள், எண்ணூறு மதிப்பெண்கள். சரியான விடைக்கு நான்கு, தவறான விடைக்கு ஒன்று கழிவு. நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்வதே வேலை. வார்டில் நீ நோயாளியிடம் எப்படிப் பேசினாய், உன் கை நடுங்கிற்றா, பேராசிரியர் உன்னைப் பற்றி என்ன எழுதினார் என்பதை அத்தேர்வு வினவுவதே இல்லை. ஆகவே மருத்துவமனையும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். சென்னைக்குப் போய் ஓராண்டு கோச்சிங் வகுப்பில் உட்கார், பழையதை எவரும் கிளறமாட்டார் என்பது மாமனின் வாதம்.

நாம் கடிதத்தை அன்றிரவே எழுதினோம். நல்ல குடும்பம், பக்தியுள்ள பெண், பாடகர் குழுவில் பாடியவள் என்றெல்லாம் எழுதிவிட்டு, தேர்வு நாளில் உடல்நலம் குன்றியிருந்தாள் என்ற வரியையும் சேர்த்தோம். ஒரு தாயின் கண்ணீருக்கு ஒரு வரி பெரிதா என்று நினைத்தோம். உறையை ஒட்டி, பங்கு முத்திரையையும் குத்தினோம். சமையற்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாங்கிச் சென்றாள்.

மறுநாள் விடியற்காலைத் திருப்பலி முடிந்து நாம் திருவுடை களைந்துகொண்டிருக்கையில், அதே உறையோடு அவள் சக்ரீஸ்து வாசலில் நின்றாள். உறை பிரிக்கப்படவில்லை.

“ஃபாதர், அம்மா சொன்னதை எழுதிட்டீங்களா?”

“எழுதினோம்.”

“எனக்கு அன்னிக்குக் காய்ச்சல் இல்லை ஃபாதர்.”

பிறகு, கோயிலின் பின்வரிசைப் பெஞ்சில் அமர்ந்து, நடந்ததைச் சொன்னாள்.

மருத்துவ மாணவர்கள் ‘லாங் கேஸ்’ என்று அஞ்சி நடுங்கும் ஒரு தேர்வு உண்டு. ஒரு நோயாளியோடு மாணவரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் தனியே விடுவர். நோயின் வரலாற்றைக் கேட்டறிந்து, உடலைச் சோதித்து, இன்ன நோய் என்று காரணங்காட்டித் தேர்வாளர் முன் உரைக்க வேண்டும். அவளுக்கு வாய்த்தவர் கூலி வேலை செய்யும் ஒரு நடுவயதுப் பெண். சிறு வயதில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்ததுண்டு. இப்போது ஏரிக்கரை ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரவில் தலையணையை உயர்த்திக்கொண்டே படுக்க முடிகிறது. இவ்வளவு கேட்டதும் அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் இடப்பக்க வால்வைச் சுருக்கிவிடும். சுருங்கிய வால்வின் வழியே இரத்தம் பாய்கையில் தாழ்ந்த உருளல் ஓசை ஒன்று பிறக்கும். புத்தகத்தில் எந்தப் பக்கம் என்றும் அவள் சொல்வாள். ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்தாள். வார்டில் இரைச்சல், அவளுக்கோ பதற்றம், ஓசை ஒன்றும் கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். ‘ஓசை கேட்டது’ என்று எழுதிக்கொண்டு, எஞ்சிய நேரத்தையெல்லாம் சொல்லப்போவதை அழகுபடுத்துவதில் செலவிட்டாள்.

தேர்வாளர் முதியவர். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. பின்பு நோயாளியை இடப்பக்கம் ஒருக்களிக்கச் செய்து, “ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேள், கேட்கும் ஓசையை உன் விரலால் இந்த மேசைமேல் தட்டிக் காட்டு” என்றார். அவள் தட்டவில்லை. அவர் தாமே வைத்துக் கேட்டுவிட்டு, “ஓசை இருக்கிறது. நீ சொன்ன நோய் சரி. ஆனால் நீ கேட்டாயா, நினைத்தாயா?” என்றார்.

அவள் பதில் சொல்லவில்லை. தேர்வில் தவறினாள்.

“விடை சரிதானே, ஏன் தவறவைத்தார்கள் என்று ஆறு மாதம் அழுதேன் ஃபாதர். ஹவுஸ் சர்ஜன் ஆன பிறகுதான் புரிந்தது. அங்கேயும் கேஸ் ஷீட்டில் கேட்காததைக் கேட்டதாக எழுதிக்கொண்டிருந்தேன். எல்லோரும் எழுதுகிறார்கள். ஒருவரும் விரலால் தட்டிக் காட்டு என்று கேட்கவில்லை.”

இங்கே நம்மைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாததை அன்று அவளிடம் சொன்னோம். ஆகவே இங்கும் சொல்லலாம்.

நாம் குருமாணவராயிருந்தபோது சனிக்கிழமைதோறும் அரசு மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளைச் சந்திக்க வேண்டும். இன்ன படுக்கையில் இன்னாரைக் கண்டோம், இன்னது பேசினோம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி மேலாளரிடம் காட்ட வேண்டும். இறையியலில் நமக்கு நல்ல மதிப்பெண்கள். திருமுழுக்கின் பயன்களை இலத்தீன் சொற்களோடு விளக்குவோம். ஆனால் சீழ் நாற்றம் வீசும் கூடத்தில், முன்பின் அறியாத ஒருவரின் படுக்கையருகே நிற்பது நம்மால் இயலவில்லை. ஒரு சனிக்கிழமை மருத்துவமனை வாயிலில் இருந்த தேநீர்க் கடையிலேயே அமர்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம். குறிப்பேட்டில், முந்தைய வாரம் கண்ட ஒரு முதியவரை மீண்டும் கண்டதாகவும், அவர் ஆறுதல் அடைந்ததாகவும் எழுதினோம். அவர் வெள்ளிக்கிழமையே இறந்துவிட்டார். அடக்கத்திற்குச் சென்று வந்தவர் குறிப்பேட்டைப் படிக்கும் அந்த மேலாளரே.

அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. குறிப்பேட்டைத் திறந்து அப்பக்கத்தை நம் பக்கம் திருப்பி வைத்தார், அவ்வளவே. நம் குருத்துவத் திருநிலைப்பாடு ஓராண்டு தள்ளிப்போயிற்று. வீட்டிற்கு மஞ்சள்காமாலை என்று சொல்லப்பட்டது. நம் தாயார் இறக்கும்வரை அந்த மஞ்சள்காமாலைக்காகக் கீழாநெல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இதைக் கேட்டு அவள் சிரித்தாள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்தது நமக்கும் பெரிய ஆறுதலாயிற்று.

அந்த ஓராண்டு நம்மை ஒரு வயோதிபப் பங்குத்தந்தையிடம் அனுப்பினார்கள். அவர் நமக்குப் பாடம் ஒன்றும் நடத்தவில்லை. நாள்தோறும் மாலையில் ஒரு நோயாளியின் வீட்டிற்குக் கூட்டிச் செல்வார். அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். நாமும் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்த இடத்தில் வழுக்கினோமோ அந்த இடத்திற்கே நம்மைத் திரும்ப நடத்திச் சென்றார். வேறொரு நல்ல வேலையைக் கொடுத்து அதில் பெயர் வாங்கச் செய்து பழையதை மூடிவிடுவது எளிதாயிருந்திருக்கும். நமக்கும் அதுவே விருப்பமாயிருந்தது.

பங்குக் குருக்களுக்கெல்லாம் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியின் வரலாறு வாசகர்கள் அறிந்ததே. இலத்தீன் ஏறாமல் லியோன் நகரக் குருமடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர். 1815-இல் ஒருவாறு குருப்பட்டம் பெற்றார். ஆனால் பலரும் கவனியாத ஒன்று உண்டு: பட்டம் கொடுத்த பின்னும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரத்தைச் சிறிது காலம் அவருக்குக் கொடுக்கவில்லை. படிப்பில் தேறியதும் படுக்கையருகே விட மனமில்லை என்பது போல. எக்குல்லி ஊரில், தம்மை வளர்த்த பாலே அடிகளாரின் அருகிலிருந்தே தொழிலைக் கற்றார். 1818-இல் ஆர்ஸ் சிற்றூருக்குச் சென்றவர், பிற்காலத்தில் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம்வரை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து கேட்டார். எதில் ஐயப்பட்டார்களோ அதிலேயே.

‘கேட்டல்’ என்னும் சொல் நம் மொழியில் இரு பொருள் தருவது. வினவுவதும் கேட்டல், செவியேற்பதும் கேட்டல். மருத்துவருக்கும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவுக்கும் இரண்டும் வேண்டும். இவ்விரண்டும் ஒரு சொல்லாய் அமைந்தது பற்றி மொழியறிஞர் வேறு காரணம் சொல்லக்கூடும். நமக்கு இது போதும்.

அன்று காலையே இரண்டாம் கடிதத்தை இருவருமாய் எழுதினோம். நான்கே வாக்கியங்கள். கேளாத ஓசையைக் கேட்டதாகச் சொன்னதால் இவள் செய்முறைத் தேர்வில் தவறினாள் என்பது முதல் வாக்கியம். ஹவுஸ் சர்ஜனாய் இருந்தபோதும் அப்பழக்கம் விடவில்லை என்பது இரண்டாவது. அதனை விட்டொழிக்கவே தங்களிடம் வர விரும்புகிறாள் என்பது மூன்றாவது. நான்காவது நம்முடையது: முதலில் தாயின் சொற்கேட்டு நாம் வேறொரு கடிதம் எழுதினோம் என்றும், அதைத் திருப்பிக் கொண்டுவந்தவள் இவளே என்றும் எழுதினோம். அவளுக்கு நாம் தரக்கூடிய நற்சான்று அதனிலும் பெரிது வேறில்லை.

செங்கத்திற்குச் ‘செங்கண்மா’ என்பது பழம்பெயர். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இவ்வூரை ஆண்ட நன்னனைப் பற்றியது. சேயாறும் அதில் வருகிறது. ஆற்றுப்படை என்பது, பரிசில் பெற்று வருகிறவன் பெறப் போகிறவனுக்கு வழி சொல்லும் பாட்டு. இந்தப் புலவர் வழியின் இனிமையை மட்டுமா சொல்கிறார்? மலைப்பாதையில் எங்கே குழி இருக்கிறது, எங்கே பாம்பு கிடக்கும், எங்கே கல் வழுக்கும் என்றெல்லாம் சொல்லிவிட்டே போகச் சொல்கிறார். சான்றுக் கடிதம் எழுதும் தலைமையாசிரியர்களும் பங்குக் குருக்களும் அதனை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். நாம் எழுதும் கடிதங்களில் குழியும் இல்லை, பாம்பும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் சமதரையில் நடக்கிறார்கள். அதனாலேயே அவற்றை யாரும் நம்புவதில்லை.

பதில் பத்து நாளில் வந்தது. மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பிலிருந்த அருட்சகோதரியும் மருத்துவரே. “வரலாம். ஒரு நூறு பக்க நோட்டுப் புத்தகம் கொண்டுவரவும்” என்று எழுதியிருந்தார்.

2019-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவள் அங்கே சேர்ந்தாள். அந்த நோட்டுப் புத்தகத்தை நாம் பின்னர் கண்டோம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்தி. இடப்பக்கம் அவள் சோதித்துக் கண்டது. வலப்பக்கம் அதே நோயாளியைச் சகோதரி சோதித்துக் கண்டது. இடப்பக்கத்தில் கண்டதும் கேட்டதும் மட்டுமே எழுதலாம். ஊகித்ததை எழுதக் கூடாது. முதல் மூன்று மாதப் பக்கங்களில் ‘கேட்கவில்லை’ என்ற சொல்லே மிகுதி. வலப்பக்கத்தில் சகோதரி ‘கேட்கிறது’ என்று எழுதியிருப்பார். கீழே இருவரும் சேர்ந்து மீண்டும் கேட்ட நேரம் குறிக்கப்பட்டிருக்கும். சில பக்கங்களில் சகோதரியும் ‘எனக்கும் கேட்கவில்லை’ என்று எழுதியிருந்தார். அப்பக்கங்களைத்தான் அவள் நமக்கு முதலில் காட்டினாள்.

ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லென்னெக் என்பவர் பிரெஞ்சு நாட்டுக் கத்தோலிக்கர், பக்தி மிகுந்தவர். 1816-இல் பாரிஸ் மாநகரின் நெக்கர் மருத்துவமனையில், ஒரு பெண் நோயாளியின் மார்பில் காது வைத்துக் கேட்பது முறையன்று என்று தயங்கியவர், காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கி வைத்துக் கேட்டார். பின்பு மரக்குழல் செய்தார். குழல் செய்ததைவிடப் பெரிய வேலை அடுத்த மூன்றாண்டில் அவர் செய்ததே. உயிரோடிருக்கையில் மார்பில் கேட்டதை எழுதிவைத்துக்கொண்டு, அந்நோயாளி இறந்தால் உடலைத் திறந்து பார்த்து, கேட்டதும் கண்டதும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்புநோக்கினார். 1819-இல் நூலாக வெளியிட்டார். இரு பத்தி நோட்டுப் புத்தகம் அன்றே இருந்தது எனலாம்.

மற்றொருவரையும் அவளுக்குச் சொல்லியிருந்தோம். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ், இலண்டனில் மருந்தாளர் சங்கத்து உரிமத் தேர்வில் முதன்முறை தவறியவர். கப்பல் மருத்துவராய்ப் பிழைத்துக்கொண்டே மீண்டும் எழுதி, 1881-இல் தேறி, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர். 1895 முதல் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்று குறித்துக்கொண்டே இரண்டாண்டு போயிற்று. 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்தராபாத்தில் கண்டார். 1902-இல் நோபல் பரிசு. ‘காணவில்லை’ என்று எழுதத் துணிந்தவர் கண்டபோது உலகம் நம்பிற்று.

2019-இன் பிற்பகுதியில் சவ்வாது மலையில் நடந்த ஒரு மருத்துவ முகாமிற்கு அவர்களோடு நாமும் போயிருந்தோம். சாமை அறுவடைக்கு முந்திய காலம். வரிசையில் கருவுற்றிருந்த ஓர் இளம்பெண். சளி, மூச்சுத்திணறல் என்றாள். பேறுகாலத்தில் யாருக்கும் கொஞ்சம் மூச்சு வாங்குமே என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். நம் பெண் அவளை இடப்பக்கம் ஒருக்களிக்கச் செய்து, ஸ்டெதாஸ்கோப்பின் மணிபோன்ற பக்கத்தை மெல்ல வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டாள். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தனர். பிறகு தன் விரலால் மேசைமேல் தட்டினாள். தட்டியது தனக்கே தெரியாது என்று பின்னர் சொன்னாள். சகோதரியும் வந்து கேட்டார். மறுநாளே அந்த இளம்பெண்ணை வேலூருக்கு அனுப்பி எக்கோ எடுத்தபோது வால்வு சுருக்கம் உறுதியாயிற்று. கருவுற்ற காலத்தில் இரத்தத்தின் அளவு கூடும். சுருங்கிய வால்வு அதைத் தாங்காது. பேற்றின்போது உயிருக்கே ஆபத்து. தாயும் சேயும் பிழைத்தனர். ருமாட்டிக் காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கு மூன்று வாரத்திற்கு ஒருமுறை பென்சிலின் ஊசியை ஆண்டுக்கணக்கில் தவறாமல் போட்டுவந்தால் வால்வு மேலும் கெடாமல் காக்கலாம் என்பதையும் அன்று தெரிந்துகொண்டோம். பெற்றோர் இதை மனத்தில் வைப்பது நல்லது. பிள்ளையின் தொண்டைப் புண்ணும் தொடர்ந்த மூட்டு வலியும் அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல.

2020 சனவரியில் அவள் நுழைவுத் தேர்வு எழுதினாள். பகலெல்லாம் வார்டில் இருந்தவளுக்குப் படிக்க இரவே எஞ்சிற்று; தரவரிசை பின்தங்கியது. அந்த வரிசைக்கு, நோயாளியை நேரில் பார்க்க வேண்டாத துறைகளில் மட்டுமே இடம் கிடைக்கும் என்றார்கள். நுண்ணுயிரியலும் உடலியங்கியலும் தாழ்ந்த படிப்புகள் அல்ல. அதே ஆண்டு கொரோனாப் பரிசோதனைகளைச் செய்து நாட்டைக் காத்தவர்கள் நுண்ணுயிரியல் கூடத்தார். ஆயினும் அவளுக்கு அது வார்டிலிருந்து தப்பிக்கும் கதவாகத் தோன்றிற்று. வேண்டாம் என்றாள். வீட்டில் பெரும் புயல். வங்கிக் கடன் இருக்கிறது, வயது ஏறுகிறது, வரன் கேட்டு வந்தவர்கள் ‘மேற்படிப்பு உண்டா’ என்று கேட்கிறார்கள். நாமே கூட, கிடைத்ததை ஏற்றுக்கொள் அம்மா என்று புத்தி சொன்னோம். அவள் நம் பேச்சைக் கேட்கவில்லை. நல்லதாயிற்று.

பிறகு கொரோனா. அடுத்த நுழைவுத் தேர்வு 2021 ஏப்ரலில் நடக்கவேண்டியது. தள்ளிப்போய்ச் செப்டம்பர் 11-இல் நடந்தது. இடையே அந்தச் சிறு மருத்துவமனையில் அவளும் சகோதரிகளும் பட்ட பாட்டை எழுதினால் தனிக் கட்டுரையாகும். கவச உடைக்குள் ஸ்டெதாஸ்கோப் வைக்கவும் இயலாது. கண்ணால் பார்த்தும், எண்ணியும், வினவியுமே நோயை அறிந்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவைப்போம். நோட்டுப் புத்தகத்தில் அம்மாதங்களுக்குப் பக்கமே இல்லை.

இம்முறை தரவரிசை முன்னேறியது. இடஒதுக்கீட்டு வழக்கினால் கலந்தாய்வு 2022 சனவரியில்தான் தொடங்கிற்று. நமது மாநிலத்தின் தென்பகுதிக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவத்தில் இடம் பெற்றாள். தவறிய அதே பாடம். சேர்க்கையின்போது அவள் இறுதியாண்டில் தவறியதைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமன் சொன்னது உண்மையாயிற்று. சகோதரி எழுதிக்கொடுத்த பணிச் சான்றும் உறைக்குள்ளேயே இருந்தது.

இங்கே பெற்றோருக்கு ஒரு செய்தி. அரசுப் பணியில் சேர்ந்து மலைப்பகுதியிலும் எட்டாத ஊர்களிலும் உழைக்கும் மருத்துவருக்கு, நுழைவுத் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணின்மேல் ஆண்டொன்றுக்குப் பத்து விழுக்காடு வரை, மூன்றாண்டுக்கு முப்பது விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் வழங்க மேற்படிப்பு விதிகளில் இடம் செய்யப்பட்டது. மலைக்குப் போவதைத் தண்டனையாக எண்ணும் பிள்ளைகள் இதனையாவது எண்ணிப் பார்க்கட்டும். மதிப்பெண்ணுக்காகவே மலையேறினாலும் குற்றமில்லை. ஏறிய பின் மலை அவர்களைப் பார்த்துக்கொள்ளும்.

2023-இல் அமெரிக்காவில் குடியேறிய நம் பங்குக் குடும்பம் ஒன்றிலிருந்து நமக்கு ஓர் அழைப்பு வந்தது. அங்கே மருத்துவம் படிக்கும் மகனுக்கு, மூன்றாம் ஆண்டில் மருத்துவமனைத் துறைகள் தோறும் சுற்றிப் பயிலும்போது, இரண்டு துறைகளில் தரம் குறைந்துவிட்டதாம். அந்நாட்டு முறை வேறு. ஒவ்வொரு துறையிலும் பெற்ற தரமும் மேற்பார்வை மருத்துவர் எழுதிய குறிப்பும் கல்லூரி முதல்வர் அனுப்பும் கடிதத்தில் இடம்பெற்று, மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் இடங்களுக்கெல்லாம் போய்ச் சேரும். 2022 சனவரி முதல் அங்கே முதற்கட்ட உரிமத் தேர்வுக்கு மதிப்பெண் வழங்குவதை நிறுத்தி, தேறினார் அல்லது தவறினார் என்று மட்டுமே அறிவிக்கிறார்கள். ஆகவே வார்டுத் தரத்தின் கனம் கூடிவிட்டது என்று அஞ்சினார்கள். இங்கே மறைந்துபோகும் குறை அங்கே கூடவே வருகிறது. எது நல்ல முறை என்று எம்மைக் கேட்டால், இரண்டிலும் நோயாளிக்கு மட்டும் குறை தெரிந்துவிடுகிறது என்போம்.

அப்பிள்ளையை நம் மருத்துவரிடம் பேசச் செய்தோம். அவள் சொன்னவற்றை அவர்கள் பின்னர் நமக்குச் சொன்னார்கள். தரம் குறைந்த அதே துறைக்குத் திரும்பிப் போய் மேலும் ஒரு மாதம் வேலை செய். பெயர் பெற்ற பேராசிரியரிடம் கடிதம் கேட்காதே. நீ நோயாளியைத் தொட்டதை அருகிலிருந்து மிகுதியாகப் பார்த்தவர் எவரோ அவரிடம் கேள். குறைக்குக் காரணம் எழுத வேண்டிவந்தால் இரண்டு வரி போதும்: என்ன நேர்ந்தது, பிறகு என்ன செய்தாய். மூன்றாம் வரி எழுதினால் அது சாக்காகிவிடும்.

அந்நாட்டில் 1952 முதல் மாணவர் விருப்பத்தையும் மருத்துவமனைகளின் விருப்பத்தையும் பொருத்திப் பார்த்து ஒரே நாளில் இடம் அறிவிக்கிறார்கள். மார்ச் மாதத்து ஒரு திங்கட்கிழமை இடம் உண்டா இல்லையா என்பது தெரியும். எங்கே என்பது அவ்வார வெள்ளியன்றே தெரியும். அந்த நான்கு நாள் அத்தாய் தந்தையர் பட்ட பாடு! 2024 மார்ச் 15-ஆம் நாள் அவனுக்குக் குடும்ப மருத்துவத்தில் இடம் வந்தது. அவன் கேட்டது அறுவை மருத்துவம். சில நாள் முகம் தொங்கப்போட்டிருந்தானாம். இப்போது எப்படியிருக்கிறான் என்று அடுத்த முறை விசாரிக்க வேண்டும்.

நம் பெண் 2025-இல் எம்.டி. முடித்தாள். சென்ற கோடையில் திருமண ஓலை வாசிக்கச் சொல்லி வீட்டார் நம்மைத் தேடி வந்தபோது, அவளும் வந்திருந்தாள். பையில் அந்த நோட்டுப் புத்தகம், அட்டை கிழிந்து, நூலால் தைத்த நிலையில். தன்னிடம் பயிலும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் இரு பத்தி போட்டுக் கொடுத்திருக்கிறாளாம். அவர்களுக்கு அது பிடிக்கவேயில்லையாம். நம் இரத்த அழுத்தத்தையும் பார்த்தாள். மார்பில் நெடுநேரம் கேட்டுவிட்டு, “ஒன்றும் கேட்கவில்லை ஃபாதர், நல்ல செய்திதான்” என்றாள்.

அவளுடைய தாய் அருகில் நின்றுகொண்டிருந்தார். பேச்சு பழைய தேர்வைப் பற்றித் திரும்பியபோது, குரலைத் தாழ்த்தி நம்மிடம் சொன்னார்:

“என்ன இருந்தாலும் அன்னிக்கு எம் பொண்ணுக்கு உடம்பு லேசா சுட்டுச்சு சாமி. எனக்குத் தெரியும்.”